தூக்கி உக்கார வைக்காதீங்க: கடல் வேலையில வர்ற தண்டுவடக் காயம் - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கப்பல்காரங்க முதுகுவலி பத்தி ஒரு கேள்விக்கு பதில் எழுதியிருந்தேன், அதுக்கப்புறம் வந்த கடிதங்கள் வலியோட நிக்கல. கப்பலோட சரக்கு அறையான ஹோல்டுல விழுந்தவரை பக்கத்துல நின்னு பாத்தவர், வீட்ல படுக்கையில இருக்குற கணவரை பாத்துக்குறவங்க, டைவர், கேடட்னு பல பேர் ஒரே விஷயத்தை வேற வேற இடத்துல நின்னு கேட்டிருக்காங்க. அதனால இந்த தடவை முழு பகுதியும் தண்டுவடக் காயத்துக்கே. கடிதம் எழுதினவங்க பேர், கம்பெனி, கப்பல் எல்லாத்தையும் எடுத்துட்டேன்.

கேள்வி: டாக்டர் வணக்கம். நான் பல்க் கேரியர்ல ஏபி, அதாவது டெக்ல வேலை பாக்குற மாலுமி. ஹோல்டு க்ளீனிங் நடக்கும்போது எங்க கூட இருந்த பையன் ஏணியில கை நழுவி கீழ விழுந்துட்டான். நினைவு இருந்துச்சு, கால் அசையலன்னு கத்தினான். ரெண்டு பேர் ஓடிப்போய் அக்குள்ல கை குடுத்து தூக்கி உக்கார வெச்சுட்டாங்க. தொடாதீங்கன்னு நான் சொன்னேன், யாரும் கேக்கல. நான் சொன்னது சரியா? அந்த நேரத்துல என்னதான் பண்ணணும்?

பதில்: நீங்க சொன்னதுதான் சரி, இனிமே இன்னும் சத்தமா சொல்லுங்க. முதுகெலும்புங்கறது 33 எலும்பு அடுக்கின தூண், அதுக்கு நடுவுல இருக்குற குழாய்குள்ளதான் தண்டுவடம் இருக்கு, மூளையில இருந்து கை காலுக்கு போற உத்தரவும் அங்க இருந்து திரும்பி வர்ற உணர்வும் அது வழியாத்தான் போய் வரணும். விழும்போது எலும்பு உடைஞ்சு தண்டுவடத்துல ஒரு அடி பட்டா அதை யாராலயும் திரும்ப எடுக்க முடியாது. ஆனா உடைஞ்ச எலும்பு நிலையில்லாம இருக்கும்போது ஆளை மடக்கி உக்கார வெச்சா, இழுத்தா, அந்த எலும்புத் துண்டே நகர்ந்து தண்டுவடத்தை மறுபடி நசுக்கும், கொஞ்சநஞ்சம் மிஞ்சியிருந்த உணர்வும் அசைவும் அதுல போயிடலாம். இந்த ரெண்டாவது அடியை தடுக்குறது மட்டும்தான் பக்கத்துல நிக்கிறவங்க கையில இருக்கு, அதனாலதான் இவ்வளவு வற்புறுத்தி சொல்றேன்.

ஹோல்டுன்னதும் முதல் விஷயம், உள்ள ஓடாதீங்க. அவர் ஏன் விழுந்தார்? ஏணி வழுக்கினதா, இல்ல உள்ள ஆக்சிஜன் கம்மியா இருந்து மயங்கி விழுந்தாரா? சில சரக்கு சும்மா கிடந்தே ஆக்சிஜனை இழுத்துடும், காப்பாத்த ஓடினவர் அவர் பக்கத்துலயே விழுந்து செத்த சம்பவங்கள் கப்பல் உலகத்துல திரும்பத் திரும்ப நடக்குது. காத்தை மீட்டர் வெச்சு பாக்கணும், சந்தேகம் இருந்தா பிரீதிங் செட் போட்டவங்க மட்டும்தான் இறங்கணும். விஷக் காத்து, தீ, ஏறி வர்ற தண்ணி இதுல ஏதாவது இருந்தா முதுகைப் பத்தி யோசிக்காம வெளிய கொண்டு வரணும், உயிர் முதல்ல. அப்படி எதுவும் இல்லன்னா ஆள் விழுந்த இடத்துலயே இருக்கட்டும்.

ஒருத்தர் தலைமாட்டுல மண்டி போட்டு ரெண்டு கையாலயும் தலையை அசையாம பிடிச்சுக்கணும், பிடிக்கணும்னுதான் சொல்றேன், இழுக்கக் கூடாது, நேராக்குறேன்னு திருகவும் கூடாது. மூச்சு சரியா வரலன்னா தலையை பின்னாடி சாய்க்காம கீழ்த்தாடையை மட்டும் முன்னாடி தள்ளி மூச்சுப்பாதையை திறக்கலாம், அதுக்கும் வரலன்னா மூச்சுக்குத்தான் முன்னுரிமை. அவர்கிட்ட பேசிக்கிட்டே இருங்க. விரல் அசையுதா, கால் கட்டைவிரல் அசையுதா, தொட்டா எது வரைக்கும் தெரியுதுன்னு பாத்து மணியோட எழுதி வைங்க, அந்த ஒரு தாளை கரையில ஆபரேஷன் பண்ற டாக்டர் ரொம்ப மதிப்பார். நெஞ்சு விரியாம வயிறு மட்டும் ஏறி இறங்குனா அடி கழுத்துல இருக்க வாய்ப்பு அதிகம். மூச்சை இயக்குற உதரவிதானத்துக்கு கழுத்துல இருந்து வர்ற சி3, சி4, சி5 நரம்புகள்தான் போகுது, அதனால கழுத்துக்காயத்துல மூச்சு நேரம் ஆக ஆக குறையலாம், தனியா விட்டுட்டு போகாதீங்க.

இன்னொன்னு பல பேருக்கு தெரியாது. டி-ன்னா நெஞ்சுப் பகுதி முதுகெலும்பு, அதுல ஆறாவதான டி6க்கு மேல அடிபட்டா ரத்த அழுத்தம் இறங்கும், ஆனா ரத்தம் போனவர் மாதிரி நாடி வேகமா ஓடாது, மெதுவா இருக்கும், தோலும் சூடா இருக்கும். பிரஷர் கம்மியா இருந்தா தண்டுவடத்துக்கு ரத்தம் போகாம சேதம் கூடும், அதனால இந்த நம்பர்களை ரேடியோ வழியா ஆலோசனை குடுக்குற டாக்டர்கிட்ட உடனே சொல்லணும். உடம்பு சூட்டை தானே சரி பண்ணிக்கிற சக்தியும் போயிருக்கும், கம்பளி போடுங்க. வாய் வழியா எதுவும் குடுக்காதீங்க.

நகர்த்தியே ஆகணும்னா நாலு பேராவது வேணும், தலையை பிடிச்சிருக்கவர்தான் உத்தரவு குடுக்கணும், தலை தோள் இடுப்பு கால் எல்லாம் ஒரே கட்டையா உருளணும். ரெண்டா பிரியுற ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் இருந்தா உருட்டுறதே ரொம்ப கம்மியா போதும். ஹோல்டு மாதிரி குறுகின இடத்துல இருந்து நேரா மேல ஏத்த, ஆளைச் சுத்திக் கட்டித் தூக்குற நீல் ராபர்ட்சன் ஸ்ட்ரெச்சர்தான் கப்பல்ல இருக்கும், அதுல கட்டுறதுக்கு முன்னாடி கழுத்துக்கு காலர் போட்டு தலையையும் தனியா கட்டணும், அது மட்டுமே கழுத்தை காப்பாத்தாது. மேல வந்ததும் கெட்டியான பலகையிலயே மணிக்கணக்கா கிடக்க விட்டுடாதீங்க. உணர்வில்லாத தோல்ல ரெண்டு மூணு மணி நேரத்துலயே படுக்கைப்புண்ணுக்கான சேதம் ஆரம்பிச்சுடும், அவருக்கு வலிக்காது, அதனால சொல்லவும் மாட்டார். பாக்கெட்ல இருக்குற சாவி, பெல்ட் பக்கிள், ரேடியோ எல்லாத்தையும் எடுத்துடுங்க. மூத்திரம் வரணும்ங்கற உணர்வும் இருக்காது, பை ரொம்பி வீங்கும், ட்யூப் போடுறது பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

டாக்டர்னா யார்? 100 பேரோ அதுக்கு மேலயோ ஏத்திக்கிட்டு மூணு நாளுக்கு மேல சர்வதேசப் பயணம் போற கப்பல்லதான் டாக்டர் கட்டாயம், சரக்குக் கப்பல்ல செகண்ட் ஆபீசரோ சீஃப் ஆபீசரோதான் மருந்துப் பெட்டியை பாத்துக்குவார். அதனாலதான் ரேடியோ மருத்துவ ஆலோசனை எந்நேரமும் எல்லா கப்பலுக்கும் இலவசமா கிடைக்கணும்னு 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, அதாவது எம்எல்சி சொல்லுது. ரோம்ல இருக்குற சிஐஆர்எம்ங்கற ரேடியோ மருத்துவ மையம் 1935ல இருந்து இந்த வேலையைத்தான் செய்யுது. முடிஞ்ச வரைக்கும் சீக்கிரம் கூப்பிடுங்க, "காலையில பாப்போம்"னு தள்ளாதீங்க. நசுங்கின தண்டுவடத்துல இருந்து அழுத்தத்தை எடுக்குற ஆபரேஷனை 24 மணி நேரத்துக்குள்ள பண்ணா பலன் நல்லா இருக்குன்னுதான் இப்போதைய மருத்துவ வழிகாட்டல், ஹெலிகாப்டருக்கோ தூர எல்லை உண்டு. ரூட் மாத்துறதா வேண்டாமான்னு கேப்டன் எடுக்குற முடிவுல ஒருத்தரோட கை கால் இருக்கு. உடனடி சிகிச்சை தேவைப்படுற கடலோடியை தாமதிக்காம கரையில இறக்க விடணும்னு எம்எல்சியில சேத்த திருத்தம் 2024 டிசம்பர் 23ல இருந்து அமல்ல இருக்கு, துறைமுகம் தயங்கினா அதைச் சொல்லி கேக்கலாம்.

கேள்வி: என் கணவர் டெக் கிரேன் வேலையில மேல இருந்து விழுந்து டி12 எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆகி ரெண்டு வாரம் ஆச்சு. ரிப்போர்ட்ல "கம்ப்ளீட், ஏ கிரேடு"ன்னு இருக்கு. டாக்டர் பிடி குடுத்தே பேச மாட்டேங்குறார். நடப்பாரா மாட்டாரா, அதை மட்டும் சொல்லுங்க.

பதில்: அம்மா, உங்க கேள்விக்கு ஆமாம் இல்லைன்னு பதில் சொல்றவரை நம்பாதீங்க, நானும் சொல்லப் போறதில்ல, ஆனா அந்த ரிப்போர்ட்டை எப்படி படிக்கணும்னு சொல்றேன். ஏ-ல இருந்து இ வரைக்கும் ஒரு அளவுகோல் இருக்கு. ஏ-ன்னா தண்டுவடத்தோட கடைசி நரம்புகளான எஸ்4, எஸ்5 இடத்துல, அதாவது ஆசனவாய் பக்கத்துல, தொடு உணர்வும் இல்ல இறுக்குற சக்தியும் இல்ல. பி-ன்னா உணர்வு மட்டும் இருக்கு, சி, டி-ன்னா கீழ அசைவும் இருக்கு, இ-ன்னா சோதனையில எல்லாம் இயல்பு. அடிபட்ட முதல் நாட்கள்ல தண்டுவடம் மொத்தமா அதிர்ச்சியில அடங்கி கிடக்கும், அப்ப போட்ட கிரேடை விட மூணு நாள் கழிச்சு பொறுமையா பாத்து போட்டதுதான் நம்பகமானது. அதனால கிரேடு எந்த தேதியில போட்டதுன்னு கேளுங்க, மறுபடி பாக்கச் சொல்லுங்க.

ஏ கிரேடு அப்படியே நீடிச்சா பழையபடி நடக்குற வாய்ப்பு குறைவு. இதை மறைச்சா உங்களுக்கு நான் கெடுதல் பண்றேன்னு அர்த்தம். ஆனா உங்க கணவருக்கு அடிபட்ட இடத்துக்கு ஒரு தனித்தன்மை இருக்கு. தண்டுவடம் பொதுவா இடுப்புப் பகுதி எலும்புகளான எல்1, எல்2 பக்கத்துலயே முடிஞ்சுடும், அதுக்குக் கீழ குழாய்ல இருக்குறது நரம்பு வேர்கள் மட்டும்தான், வேர்களுக்கு தண்டுவடத்தை விட மீள்ற சக்தி அதிகம். டி12 எல்லையில அடிபடும்போது தண்டுவடத்தோட நுனி, வேர் ரெண்டும் கலந்து பாதிக்கப்பட்டிருக்கலாம், அதனால தொடை முன்பக்கம், முட்டி நீட்டுற தசை இதுல மாசக்கணக்குல ஏதாவது திரும்புதான்னு தொடர்ந்து பாக்கணும். முட்டியை நீட்டுற சக்தி வந்தா கால்ல பிரேஸ் போட்டு, ஊன்றுகோல் வெச்சு நடக்குற வாசல் திறக்கும்.

நடை வரட்டும் வராம போகட்டும், இப்ப செய்ய வேண்டிய வேலை ஒண்ணுதான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பி படுக்க வைங்க, தினமும் பிட்டம், இடுப்பு, குதிகால் தோலை கண்ணால பாருங்க, சிவப்பு தெரிஞ்சு அழுத்தம் எடுத்தும் மறையலன்னா அன்னிக்கே நர்ஸ்கிட்ட காட்டுங்க. கால் வீங்கினா, திடீர்னு மூச்சு வாங்கினா ரத்தக்கட்டியா இருக்கலாம், அது அவசரம். நிரந்தர ட்யூபை எப்ப எடுப்பாங்க, நாலு ஆறு மணிக்கு ஒரு தடவை ட்யூப் போட்டு எடுக்குற முறையை எப்ப சொல்லிக் குடுப்பாங்கன்னு கேளுங்க. ரெண்டாம் உலகப்போர் வரைக்கும் கால் செயலிழந்தவங்க பல பேர் செத்தது தண்டுவடக் காயத்துல இல்ல, படுக்கைப்புண்ணுலயும் மூத்திரக் கிருமியிலயும்தான். 1944ல இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டிவில் ஆஸ்பத்திரியில லுட்விக் குட்மன்ங்கற டாக்டர் பொறுப்பேத்து, திருப்பிப் போடுறதை கண்டிப்பாக்கி, படுத்தே கிடந்தவங்களை விளையாட்டு வரைக்கும் கொண்டு போனார், 1948 ஜூலை 29ல அங்க நடந்த வீல்சேர் போட்டிதான் பின்னாடி பாராலிம்பிக்ஸா வளர்ந்தது. டி12ல கை ரெண்டும் முழு பலத்தோட இருக்கும், தானா உடுத்த, குளிக்க, வீல்சேர்ல ஏறி இறங்க, கை கன்ட்ரோல் வெச்ச கார் ஓட்ட எல்லாம் கத்துக்க முடியும். முறையான தண்டுவட மறுவாழ்வு மையத்துக்கு மாத்தச் சொல்லி இப்பவே கேளுங்க, வீட்டுக்கு போய் அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

ஸ்டெம் செல் ஊசி போட்டா நடப்பார்னு யாராவது போன் பண்ணுவாங்க, கட்டாயம் பண்ணுவாங்க. காசு வாங்கிட்டு போடுற அந்த ஊசிகள் பழைய தண்டுவடக் காயத்தை குணமாக்கும்னு நிரூபணம் இல்ல. அந்தப் பணம் நல்ல வீல்சேருக்கும் நல்ல குஷனுக்கும் வேணும்.

கேள்வி: நான் ஆஃப்ஷோர்ல டைவர். போன வாரம் டைவ் முடிஞ்சு மேல வந்து ஒரு மணி நேரத்துல இடுப்பைச் சுத்தி பெல்ட் போட்டு இறுக்கின மாதிரி வலி, அப்புறம் ரெண்டு காலும் மரத்துச்சு. எவ்வளவு மெதுவா மேல வரணும்னு சொல்ற டேபிள் படிதான் மேல வந்தேன், அதனால பெண்ட்ஸா இருக்காது, வெயிட் தூக்கினதுல வந்திருக்கும்னு கூட இருந்தவர் சொன்னார். ராத்திரி சரியாயிடுச்சு. விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க, இதைப் படிச்சதும் டைவிங் மருத்துவம் தெரிஞ்ச டாக்டர்கிட்ட போங்க, அது வரைக்கும் தண்ணில இறங்காதீங்க. நீங்க எழுதியிருக்கறது தண்டுவடத்தை தாக்குற டிகம்ப்ரஷன் நோய், அதாவது பெண்ட்ஸ், ஆரம்பிக்கிற விதம். ஆழத்துல அழுத்தத்தால திசுக்கள்ல கரைஞ்ச நைட்ரஜன், மேல வரும்போது குமிழியா வெளிய வந்து ரத்த ஓட்டத்தை அடைக்கும், நெஞ்சுப் பகுதி தண்டுவடம் அதுல அதிகமா மாட்டுது. இடுப்பைச் சுத்தின வலி, கால் மரப்பு, அப்புறம் கால் கனம், மூத்திரம் போக முடியாம நிக்குறது, இந்த வரிசையில போகும். முதுகு எலும்புல ஒரு கீறல் கூட இல்லாமலே கால் செயலிழந்துடும்.

டேபிள் படி வந்தேங்கறது ஆதாரம் இல்ல. 1908ல ஹால்டேன் படிப்படியா மேல வர்ற அட்டவணை போட்டதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் எந்த அட்டவணையும் ஆபத்தை குறைக்குமே தவிர இல்லாம பண்ணாது, உடம்புல நீர் குறைவு, களைப்பு, குளிர், கடின வேலை, இதயத்துல பிறவியிலயே மூடாம இருக்குற சின்ன ஓட்டை இதெல்லாம் சேந்து ஒருத்தரை சாய்ச்சுடும். அறிகுறி வந்த அந்த நிமிஷமே படுக்க வெச்சு இறுக்கமான மாஸ்க்ல 100 சதவீத ஆக்சிஜன், அப்புறம் அழுத்தம் ஏத்தி சிகிச்சை குடுக்குற அறை, அதாவது சேம்பர். வழக்கமா குடுக்குற அமெரிக்க கடற்படை சிகிச்சை அட்டவணை டேபிள் 6-ல 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்துல ஆரம்பிச்சு ஏறக்குறைய 4 மணி 45 நிமிஷம் போகும், எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆக்சிஜன்ல சரியாயிட்டா கூட சேம்பரை ரத்து பண்ணக் கூடாது, திரும்பி வரும். சரி பண்ணிக்கிறேன்னு மறுபடி தண்ணில இறங்குறது உயிரோட விளையாடுறது. ஹெலிகாப்டர்ல கொண்டு போனா முடிஞ்ச வரை 300 மீட்டருக்கு கீழ பறக்கச் சொல்லணும்.

சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வார்த்தை. வலி சொன்ன டைவரை அடுத்த கான்ட்ராக்ட்ல இருந்து கழட்டி விடுற சைட்ல யாரும் வலியை சொல்ல மாட்டாங்க, கடைசியில கால் போனவரா வந்து நிப்பாங்க.

கேள்வி: நான் போசன், டெக் ஆட்களுக்கு மேஸ்திரி, வயசு 54. ஆயில் இருந்த டெக்குல வழுக்கி தாடை ரெயில்ல இடிச்சு தலை பின்னாடி மடங்கிடுச்சு. போர்ட்ல எக்ஸ்ரே எடுத்து எலும்பு நார்மல்னு அனுப்பிட்டாங்க. ஆனா ரெண்டு கையும் எரியுது, சட்டை பட்டன் போட முடியல. நடக்க முடியுது. நரம்புத் தளர்ச்சியா?

பதில்: இல்லீங்க, கழுத்துல தண்டுவடத்தோட நடுப்பகுதி அடிபட்டிருக்குன்னு சந்தேகப்படணும். வயசாக ஆக கழுத்துக் குழாய் தேய்மானத்தால குறுகியிருக்கும், தலை வேகமா பின்னாடி மடங்கும்போது எலும்பு உடையாமலே தண்டுவடம் ரெண்டு பக்கமும் நசுங்கும். அதுல கால் ஓரளவு தப்பிச்சு கைதான் அதிகமா அடி வாங்கும், நீங்க நடக்கறதாலதான் யாரும் கண்டுக்கல. எக்ஸ்ரேல எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது. எம்ஆர்ஐ எடுக்கணும், தள்ளிப் போடாம நரம்பியல் அறுவை டாக்டர் பாக்கணும், அது வரைக்கும் காலர் போட்டுக்கிட்டு வேலைக்கு போகாம இருங்க. இந்த வகையில நல்லா தேறுறவங்க நிறைய, விரல் நுணுக்கம்தான் கடைசியா திரும்பும்.

கேள்வி: தினமும் வேகமான க்ரூ போட்ல பிளாட்ஃபார்முக்கு போய் வர்றோம். அலையில தூக்கிப் போடும்போது முதுகு நொறுங்குற மாதிரி இருக்கு. இதுல தண்டுவடம் அடிபடுமா?

பதில்: அடிபடும். போட் அலை உச்சியில இருந்து கீழ அடிக்கிறப்ப உக்காந்திருக்கவரோட முதுகெலும்பு மேல இருந்து கீழ அமுங்குது, டி12, எல்1 பக்கத்துல எலும்பு வெடிச்சு துண்டு பின்னாடி தண்டுவடத்து பக்கம் தள்ளுன கேஸ்கள் மருத்துவப் பதிவுல இருக்கு. முன்பக்கம் உக்காராதீங்க, முன்பக்கத்துலதான் ஆட்டம் அதிகம், பின்பக்கமா, முதுகு சாய்ஞ்சு, பாதம் ஊனி உக்காருங்க, பெட்டி மேலயோ ஓரத்துலயோ உக்காந்து போகாதீங்க. ஆனா இதெல்லாம் பயணி செய்யக் கூடிய சின்ன விஷயம், பெரிய விஷயம் வேகத்தை குறைக்கிற ஸ்கிப்பர் கையிலயும் ஷாக் வாங்குற சீட் போட்டுத் தர வேண்டிய கம்பெனி கையிலயும் இருக்கு. உடம்பு வாங்குற அதிர்வுக்கு ஐரோப்பிய யூனியன் 2002லயே வரம்பு போட்டுடுச்சு, எட்டு மணி நேர வேலை நாளுக்கு 1.15 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர், 0.5 தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்கணும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் மனசுல வைங்க. முதுகுவலியோட சேந்து சைக்கிள் சீட் படுற இடம் மரத்துப் போனா, மூத்திரம் போக கஷ்டமானா, ரெண்டு காலும் பலமிழந்தா, அது கீழ்நரம்பு வேர்கள் நசுங்குற அவசரம். அன்னிக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் இல்ல.

கேள்வி: எங்க அண்ணன் ஃபிட்டர், கப்பல்ல விழுந்து இடுப்புக்கு கீழ செயலில்ல. ஆஸ்பத்திரிக்கே ஒருத்தர் வந்து "ஃபுல் அண்ட் ஃபைனல்"னு ஒரு பேப்பர் நீட்டி, இப்ப கையெழுத்து போட்டா உடனே பணம், இல்லன்னா வருஷக்கணக்கா இழுக்கும்ங்கறார். அம்மா போட்டுடலாம்ங்கறாங்க. என்ன பண்றது?

பதில்: போட வேண்டாம் தம்பி, இப்ப வேண்டாம். விழுந்த ஆளை அவசரப்பட்டு தூக்குறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் எனக்கு தெரியல, அவசரத்துல நடந்தா திரும்ப எடுக்க முடியாது. அண்ணனுக்கு எவ்வளவு மீளும்னு முழுசா தெரியவே மாசங்கள் ஆகும், அது தெரியறதுக்கு முன்னாடி கணக்கு முடிக்கிறது யாருக்கு லாபம்னு யோசிங்க.

எம்எல்சி 2013 ஆகஸ்ட் 20ல இருந்து அமல்ல இருக்கு, அதுல 2017 ஜனவரி 18ல வந்த திருத்தம் உங்களுக்கு ரொம்ப முக்கியம். வேலைக் காயத்தால வர்ற நீண்டகால ஊனத்துக்கும் மரணத்துக்கும் ஒப்பந்தப்படி தர வேண்டிய ஈட்டுத்தொகைக்கு கப்பல் முதலாளி முன்கூட்டியே இன்ஷூரன்ஸ் மாதிரி நிதி உத்தரவாதம் வெச்சிருக்கணும், அதோட சர்டிபிகேட் கப்பல்ல எல்லார் கண்ணுலயும் படுற இடத்துல ஒட்டியிருக்கணும், பெரும்பாலும் கப்பல் முதலாளிகளோட கூட்டு இன்ஷூரன்ஸ் அமைப்பான பி அண்ட் ஐ கிளப் பேர் அதுல இருக்கும். ஒப்பந்தத் தொகையை முழுசா, தாமதமில்லாம தரணும், அதை விட கம்மியா வாங்கிக்கச் சொல்லி அழுத்தம் குடுக்கக் கூடாது, ஊனம் எவ்வளவுன்னு முடிவாகாத நேரத்துல கஷ்டம் வராம இடைக்காலத் தொகை தரணும், அந்தப் பணத்தை வாங்கினதால மத்த சட்ட உரிமை போகாது. உங்ககிட்ட பேப்பர் நீட்டினவர்கிட்ட இந்த நாலையும் எடுத்துச் சொல்லுங்க, இடைக்காலத் தொகையை எழுத்துல கேளுங்க.

சிகிச்சைச் செலவும் முதலாளி பொறுப்புதான். நாட்டுச் சட்டம் அதுக்கு கால வரம்பு போடலாம், ஆனா காயம்பட்ட நாள்ல இருந்து 16 வாரத்துக்கு கம்மியா போட முடியாது. வேலைக்கு வெளிய பட்ட காயம், வேணும்னே நடந்துக்கிட்டது, சேரும்போதே நோயை மறைச்சது இதுக்கெல்லாம் விலக்கு கேப்பாங்க, அதனால சம்பவம் எப்படி நடந்துச்சுங்கறதுக்கான ஆதாரம்தான் உங்க பலம். ஆக்சிடெண்ட் ரிப்போர்ட் நகல், லாக் புக்ல என்ன எழுதியிருக்கு, விழுந்த இடத்தோட போட்டோ, பக்கத்துல இருந்தவங்க பேர், போன் நம்பர், வேலை ஒப்பந்தம், யூனியன் ஒப்பந்தம் இருந்தா அது, முதல் நாள் மருத்துவக் குறிப்பு, வேலை நேர ஓய்வு நேரப் பதிவு, இதெல்லாம் இப்பவே சேருங்க, க்ரூ மாறிட்டா சாட்சி உலகம் பூரா சிதறிடுவாங்க. ஓய்வு நேரப் பதிவை ஏன் சொல்றேன்னா 24 மணி நேரத்துல 10, ஏழு நாள்ல 77 மணி நேரம் ஓய்வு இருக்கணும்னு விதி, தூங்காம வேலை பாத்தவர் விழுந்தா அதுவும் வழக்குல பேசும்.

எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்ங்கறது கப்பல் கொடி, ஒப்பந்தம், நடந்த இடம் இதைப் பொறுத்தது. நிலையான எண்ணெய் பிளாட்ஃபார்ம்ல வேலை பாக்குறவர் பல நாட்டுல கடலோடி கணக்குலயே வர மாட்டார், அவருக்கு அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம். மீன்பிடிப் படகுக்கு எம்எல்சி கிடையாது, 2017 நவம்பர் 16ல அமலுக்கு வந்த சர்வதேச தொழிலாளர் அமைப்போட 188ம் உடன்படிக்கைதான், அதுவும் ஏத்துக்கிட்ட நாடுகள்ல மட்டும். அமெரிக்கக் கடலோடியா தகுதி பெறுறவருக்கு 1920ம் வருஷ ஜோன்ஸ் சட்டப்படி முதலாளி கவனக்குறைவுக்கு வழக்கு போடலாம், பொதுவா மூணு வருஷத்துக்குள்ள. எல்லா இடத்துலயும் காலக்கெடு உண்டு, அதனால இழுக்கும்ங்கற பயத்துல கையெழுத்து போடாம, இழுக்காம கடல்சார் வழக்கறிஞரை பாருங்க. யூனியன் இருந்தா அங்க போங்க, இல்லன்னா சர்வதேச போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பான ஐடிஎஃப்போட இன்ஸ்பெக்டரை அணுகுங்க. கணக்கு போடும்போது வீல்சேர் சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், குஷன், ட்யூப், வீட்டுச் சரிவுப்பாதை, பெரிய பாத்ரூம், பாத்துக்கறதுக்காக வேலையை விடுறவங்க சம்பளம் எல்லாம் அதுக்குள்ள வரணும்னு சொல்லுங்க.

கேள்வி: தம்பிக்கு டி4 காயம், ஆறு மாசமா வீட்ல இருக்கான். சில நேரம் திடீர்னு மண்டை வெடிக்கிற தலைவலி, முகம் சிவந்து வேர்த்துக் கொட்டுது, கால் பக்கம் குளிர்ந்து கிடக்கு. படுக்க வெச்சா அதிகமாகுது. ஏன்?

பதில்: படுக்க வைக்காதீங்க, உடனே நிமிர்த்தி உக்கார வைங்க, காலை கீழ தொங்க விடுங்க. இது டி6க்கும் அதுக்கு மேலயும் காயம் உள்ளவங்களுக்கு வர்ற ஆபத்து. கீழ உடம்புல ஏதோ ஒண்ணு தொந்தரவு பண்ணுது, அந்த செய்தி மூளைக்கு போகாம தண்டுவடத்துலயே நின்னு ரத்த அழுத்தத்தை எக்கச்சக்கமா ஏத்துது, கவனிக்கலன்னா வலிப்பு, மூளையில ரத்தக்கசிவு வரைக்கும் போகும். பெல்ட், ஷூ, கால் பை பட்டை எல்லாத்தையும் தளர்த்துங்க. முதல் சந்தேகம் மூத்திரப்பை, ட்யூப் மடங்கியிருக்கா அடைச்சிருக்கான்னு பாருங்க, அது இல்லன்னா மலக்கட்டு, அதுவும் இல்லன்னா புண், உள்ள வளர்ந்த நகம். காரணத்தை எடுத்தா பிரஷர் தானா இறங்கும். சில நிமிஷத்துல இறங்கலன்னா ஆம்புலன்ஸ். இவங்களுக்கு சாதாரணமா பிரஷர் 90, 100லதான் இருக்கும், அதனால 140ன்னு காட்டினா நார்மல்னு டாக்டர் கூட நினைச்சுடலாம், "டி4 தண்டுவடக் காயம், ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா"ன்னு ஒரு அட்டையில எழுதி வீல்சேர்லயே மாட்டி வைங்க.

கேள்வி: டெக் கேடட். லைஃப்போட் ட்ரில்னாலே பயமா இருக்கு, ஹூக் கழண்டு விழுந்த கதையெல்லாம் சீனியர்ஸ் சொல்றாங்க. பயப்படுறது தப்பா?

பதில்: தப்பே இல்ல, உயிர் காப்பாத்த வெச்ச போட் ட்ரில்லுலயே ஆள் சாகுறதும் முதுகு உடையறதும் நிஜமா நடந்திருக்கு. அதனாலதான் பாரத்தோட கழட்டுற பழைய ஹூக்குகளை சோதிச்சு, தேறாததை 2019 ஜூலை 1க்குள்ள மாத்தணும்னு கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையான சோலாஸ்ல விதி வந்துச்சு. உங்க போட்ல அந்த வேலை நடந்த ரெக்கார்டை காட்டச் சொல்லி கேளுங்க, கேடட் கேக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. ஆளில்லாம ஒரு தடவை இறக்கி ஏத்திட்டு அப்புறம் ஆள் ஏறணும்னுதான் சர்வதேச கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவோட வழிகாட்டல். ஹூக் கழண்டாலும் போட் விழாம பிடிக்கிற ஃபால் பிரிவென்டர் தேவைப்படுற போட்ல அது மாட்டியிருக்கா, ஹூக் முழுசா லாக் ஆகியிருக்கான்னு கண்ணால பாத்துட்டு ஏறுங்க. ஃப்ரீ ஃபால் போட்னா முதுகும் தலையும் சீட்டோட ஒட்டியிருக்கணும், பெல்ட் இறுக்கமா இருக்கணும், எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கும்போது போட் விழுந்தா கழுத்துதான் போகும். பைலட் கப்பல்ல ஏறுற கயித்து ஏணியான பைலட் லேடரும் அதே மாதிரி, 9 மீட்டருக்கு மேல ஏற வேண்டியிருந்தா அதோட கப்பலோட படிக்கட்டையும் சேத்த காம்பினேஷன் ஏணி போடணும். நாளைக்கு நீங்க அதை கட்டித் தொங்க விடுற இடத்துல இருப்பீங்க, கயிறு சந்தேகமா இருந்தா மாத்துங்க.

கேள்வி: தேர்ட் இன்ஜினியரா இருந்தேன், 29 வயசு, எல்1 காயம், வீல்சேர்ல இருக்கேன். ரெண்டே கேள்வி. குழந்தை பெத்துக்க முடியுமா, கப்பல் வேலை இனி முடிஞ்சுதா?

பதில்: குழந்தைக்கு வழி இருக்கு. விந்து தானா வெளிவர்றது பல பேருக்கு கஷ்டமாகும், அதை எடுக்கற முறைகளும் அப்புறம் கருத்தரிப்பு சிகிச்சையும் இருக்கு, தண்டுவடக் காயம் தெரிஞ்ச யூராலஜிஸ்ட்கிட்ட மனைவியோட சேந்தே போங்க, வெக்கப்பட்டு வருஷத்தை தள்ளாதீங்க. கடல்ல ஏறுறதுக்கு மெடிக்கல் ஃபிட்னஸ் கிடைக்காது, அதை நேரா சொல்லிடறேன். ஆனா இன்ஜின் ரூம் தெரிஞ்ச தலை உங்ககிட்ட இருக்கு. சிமுலேட்டர் பயிற்சி, மெயின்டெனன்ஸ் பிளானிங், ஸ்பேர்ஸ் கொள்முதல், கரையில இருந்து கப்பலை கண்காணிக்கிற ஃப்ளீட் ஆபரேஷன் சென்டர், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்னு மேஜையில உக்காந்து பாக்குற கப்பல் வேலைகள் இருக்கு. சீ டைம் ரெக்கார்டு, சர்டிபிகேட் எல்லாத்தையும் பத்திரப்படுத்துங்க, புதுப்பிக்கறது பத்தி சர்டிபிகேட் குடுத்த அலுவலகத்துல எழுத்துல கேளுங்க. செட்டில்மென்ட் பேசும்போது மறுபயிற்சிச் செலவையும் தனி வரியா போடச் சொல்லுங்க, மேல ஃபிட்டரோட தம்பிக்கு எழுதின பதிலையும் ஒரு தடவை படிச்சுட்டு வழக்கறிஞரை பாருங்க.